இயந்திரத்தின் சிக்னலை வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது: கடலூர், புதுச்சேரி பட்டறைகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம் (கோவைக்காரர்கள் மன்னிக்கவும், எங்களுக்கும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு), சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் தொழிற்பேட்டைகளானாலும் கடலூர் சிப்காட்டானாலும், அதிர்வு அளக்கும் கருவியோடு உள்ளே நுழைந்தால் வருகிற கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். முதலாளி ஒரு விதமாகக் கேட்பார், பராமரிப்புப் பிரிவுக்காரர் வேறு விதமாகக் கேட்பார். உள்ளே இருக்கும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

1. சிக்னல் அனாலிசிஸ் என்கிறீர்களே, அது என்ன? கேமரா வைத்துப் பார்ப்பதா?

கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஓடுகிற இயந்திரம் எந்நேரமும் சில அளவுகளை வெளிக்காட்டிக்கொண்டே இருக்கிறது: அதிர்வு, மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், அழுத்தம், வெப்பம், ஒலி. சென்சார் அதை மின்னழுத்தமாக மாற்றித் தரும். கருவி அதை விநாடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் தடவை எண்ணாகக் குறித்துக்கொள்ளும். அந்த எண் வரிசையில் இயந்திரத்தின் உடல்நிலையையோ, அது செய்யும் பொருளின் தரத்தையோ காட்டிக்கொடுக்கும் அடையாளத்தைப் பிரித்தெடுப்பதுதான் வேலை.

இதற்கான கணக்கு பழையது. எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்ற கருத்தை ஃபூரியே 1822-இல் நூலாக வெளியிட்டார் (அவர் பிரெஞ்சுக்காரர் என்பதால் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம்). அதைக் கணினியில் விரைவாகச் செய்யும் வழியை 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்டார்கள். எஃப்எஃப்டி என்று இன்று எல்லாக் கருவியிலும் இருக்கும் பொத்தான் அதுதான்.

2. எங்கள் ஃபோர்மேன் கையை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். பிறகு சென்சார் எதற்கு?

ஃபோர்மேனின் கையை நான் மதிக்கிறேன். ஆனால் விரல் நுனிக்கு நன்றாகப் புலப்படுவது சில நூறு ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை தடவை என்ற கணக்கு) வரையிலான அதிர்வு. பேரிங்கில் முதல் கீறல் விழும்போது அதன் தடயம் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் தெரியத் தொடங்கும். கைக்குத் தெரியும் அளவுக்கு அது இறங்கி வந்துவிட்டால், பேரிங்குக்குச் சொல்லி அனுப்பவும் மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கவும் அவகாசம் இருக்காது.

ஆனாலும் நான் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் தேடுவது அந்த ஃபோர்மேனைத்தான். எந்த மோட்டார் எப்போது மாற்றப்பட்டது, எந்த ஃபவுண்டேஷன் போல்ட் அடிக்கடி தளர்கிறது, எந்தச் சரக்கு ஓடும்போது இயந்திரம் முனகுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். கீழே வரும் பல பதில்கள் இந்த விவரம் இல்லாமல் பயன்படாது.

3. என்ன சென்சார் வாங்கலாம், சார்? நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.

எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல் சென்சார் கேட்பவர்களே அதிகம். மோட்டார், பம்ப், ஃபேன், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் உடல்நிலை என்றால் முடுக்கமானி, அதாவது அதிர்வை அளக்கும் சென்சார். தொழிற்சாலைகளில் பரவலாக இருப்பது ஒரு ‘ஜி’க்கு (புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்கு) 100 மில்லிவோல்ட் தரும் பீசோ வகை, அதாவது அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம் கொண்டது. மோட்டாரும் அது சுழற்றும் சுமையும் எப்படி என்றால் மின்னோட்ட கிளாம்ப். பிரஸ்ஸில் அடி விழும் விசை என்றால் சட்டகத்தில் ஒட்டும் ஸ்ட்ரெயின் கேஜ் (உலோகம் இழுபடுவதை அளக்கும் பட்டை). கிரைண்டிங் கல் பொருளைத் தொடும் கணத்தையோ, சிறிய டூல் நுனி உடைவதையோ பிடிக்க வேண்டும் என்றால் அக்கூஸ்டிக் எமிஷன், அதாவது காதுக்கு எட்டாத உயர் ஒலியைப் பிடிக்கும் சென்சார். அது 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்வது, கருவியும் விலை கூடுதல்.

வெப்பநிலை சென்சாரை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேரிங் சூடாவது கடைசிக் கட்டத்தில்தான்.

4. காந்தத்தில் ஒட்டி அளந்தால் போதாதா? எதற்குத் துளை போட்டு ஸ்டட் (திருகாணி) வைக்கச் சொல்கிறீர்கள்?

மாதம் ஒருமுறை சுற்றிவந்து அளப்பதற்குக் காந்தம் போதும். ஆனால் காந்தத்தின் வழியாக ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம்; கையால் அழுத்திப் பிடித்தால் அதுவும் இல்லை. ஸ்டட் போட்டு இறுக்கினால்தான் மேல் அதிர்வெண்கள் ஒழுங்காக வந்து சேரும். பேரிங்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்றால் அந்த மேல் பகுதிதான் தேவை (7-ஆம் கேள்வியைப் பாருங்கள்).

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. துறைமுகப் பக்கமோ உப்பனாற்று ஓரமோ இருக்கும் பம்ப்களில் பேரிங் வீட்டின் (பேரிங்கைத் தாங்கும் வெளிக்கூட்டின்) மேல் பெயின்ட், அதன் கீழே துரு, அதன் மேல் மறுபடியும் பெயின்ட் என்று அடுக்கடுக்காக இருக்கும். அதன்மேல் காந்தத்தை வைத்தால் சென்சார் லேசாக ஆடும். அந்த ஆட்டமும் கணக்கில் சேரும். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இடத்தைச் சுரண்டி, எமரி போட்டு, சுற்றிலும் வட்டம் வரைந்து, அங்கேயே எப்போதும் வையுங்கள். சுரண்டிய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துருவும் ஏறாது, பிடிப்பும் நன்றாக இருக்கும்.

5. அதிர்வு எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஒரே ஒரு எண் சொல்லிவிடுங்கள்.

ஒரு எண் கேட்டால் ஒரு அட்டவணை தருவேன், கோபிக்கக் கூடாது. ஐஎஸ்ஓ 20816 வரிசையில் (முன்பு 10816 என்ற எண்ணில் இருந்தது) 15 முதல் 300 கிலோவாட் வரையிலான இயந்திரம், உறுதியான அடித்தளத்தில் இருந்தால், அதிர்வின் வேகம் விநாடிக்கு 1.4 மி.மீ.க்குள் புதிய இயந்திரத்தின் நிலை, 2.8 வரை கவலையில்லாமல் ஓட்டலாம், 4.5 வரை கொஞ்ச காலம்தான். அதற்கு மேல் சேதம். எல்லாம் ஆர்எம்எஸ் மதிப்பு (அலையின் உச்சம் அல்ல, ஒரு வகைச் சராசரி). அடித்தளம் நெகிழ்வானது என்றால் எல்லைகள் 2.3, 4.5, 7.1 என்று தளரும். பம்ப்களுக்கு இந்த வரிசையில் தனிப் பகுதியே இருக்கிறது.

ஆனால் உங்கள் இயந்திரத்தின் போன மாத எண்தான் அட்டவணையைவிடப் பெரிய சாட்சி. பல மாதமாக 3.2-இல் நிற்கும் பழைய ஃபேனைவிட, 0.9-இலிருந்து 1.8-க்கு ஒரே மாதத்தில் ஏறிய புதிய மோட்டார்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும். ஒப்பிடும்போது வேகம், சுமை, ஓடும் சரக்கு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். வால்வு பாதி மூடிய நிலையில் போன மாதமும், முழுக்கத் திறந்த நிலையில் இந்த மாதமும் அளந்துவிட்டுப் பம்பைக் குறை சொல்லக் கூடாது.

6. எஃப்எஃப்டி படத்தில் வேலிக்கம்பிபோல ஏகப்பட்ட கோடுகள். எதைப் பார்ப்பது?

படத்தில் இடமிருந்து வலமாக அதிர்வெண், கோட்டின் உயரம் அந்த அதிர்வெண்ணில் உள்ள அதிர்வின் அளவு. முதலில் சுற்று வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் 60-ஆல் வகுக்க 24 ஹெர்ட்ஸ். இதுதான் அளவுகோல், மற்ற கோடுகளை இதன் மடங்காகப் படிக்க வேண்டும். 24-இல் மட்டும் உயரமான கோடு என்றால் பெரும்பாலும் எடைச் சமநிலை கெட்டிருக்கிறது. 48-இலும் உயர்ந்து, ஷாஃப்டின் நீளவாக்கிலும் அதிர்வு கூடினால் கப்ளிங் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். 24, 48, 72, 96 என்று வரிசைகட்டி நின்றால் எங்கோ தளர்வு. முதலில் ஸ்பேனரோடு போங்கள். கியர் என்றால் பல் எண்ணிக்கையைச் சுற்று வேகத்தால் பெருக்கிய இடத்தைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் இரட்டையான 100-இல் வரும் கோடு மோட்டாரின் மின்சாரப் பக்கத்திலிருந்து வருவது.

இவை சந்தேகத்தின் பட்டியல்தான், தீர்ப்பு அல்ல. அதே படத்தை ஃபேன் இறக்கையில் ஒட்டிய அழுக்கும் காட்டும், வளைந்த ஷாஃப்டும் காட்டும்.

7. பேரிங்குக்கு ‘3.58’, ‘5.41’ என்று ஏதோ எண் சொல்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது? எப்படிக் கண்டுபிடிப்பது?

அது பேரிங்கின் உள்கணக்கு. எத்தனை குண்டு, குண்டின் விட்டம் என்ன, குண்டுகள் ஓடும் வட்டம் எவ்வளவு என்பதை வைத்து, ஒரு சுற்றில் எத்தனை குண்டு ஒரு கீறலைக் கடக்கும் என்று கணக்கிடலாம். நம் பட்டறைகளில் எங்கும் கிடைக்கும் 6205-ஐ எடுங்கள். அதில் 9 குண்டு. வெளி வளையத்தில் கீறல் இருந்தால் சுற்றுக்கு ஏறத்தாழ 3.585 தடவை தட்டும். உள் வளையத்தில் இருந்தால் 5.415 தடவை. இரண்டையும் கூட்டினால் சரியாக 9 வரும். பட்டியலைச் சரிபார்க்க இது நல்ல குறுக்குவழி. 1440 சுற்றில் ஓடினால் வெளி வளையத் தட்டல் 86 ஹெர்ட்ஸ், உள் வளையத் தட்டல் 130 ஹெர்ட்ஸ். இரண்டுமே 24-இன் முழு மடங்கு இல்லை. அதனால்தான் 6-ஆம் கேள்வியில் சொன்ன கோடுகளிலிருந்து இவற்றைப் பிரித்தறிய முடிகிறது.

சிக்கல் என்னவென்றால், கீறல் சின்னதாக இருக்கும்போது அந்த 86 ஹெர்ட்ஸ் கோடு சாதாரண ஸ்பெக்ட்ரத்தில் (எஃப்எஃப்டி படத்தில்) தெரியவே தெரியாது. ஒவ்வொரு தட்டலும் கோயில் மணியில் விழும் அடிபோல, பேரிங் வீட்டை அதன் சொந்த அதிர்வெண்ணில், அதாவது பல ஆயிரம் ஹெர்ட்ஸில், ரீங்கரிக்க வைத்து அடங்கும். கேட்பது மணியின் சுரம். நமக்கு வேண்டியது அடிக்கும் இடைவெளி. ஆகவே அந்த மேல் அதிர்வெண் பட்டையை மட்டும் வடிகட்டி எடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தின் மேல்கோட்டை வரைந்து, அந்தக் கோட்டுக்கு எஃப்எஃப்டி போடுவார்கள். என்வெலப் அனாலிசிஸ் என்பது இதுதான். இப்போது 86-உம் 172-உம் 258-உம் துலக்கமாக எழுந்து நிற்கும்.

குண்டுகள் கொஞ்சம் வழுக்கும் என்பதால் அளந்த எண் கணக்கிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் விலகலாம். 85-இல் கோடு வந்தால் ‘இது 86 இல்லையே’ என்று விட்டுவிடாதீர்கள். பேரிங் மாற்றும்போது வேறு கம்பெனி போட்டிருந்தால் குண்டின் அளவு மாறி எண்ணும் மாறலாம். எதைப் போட்டோம் என்று எழுதிவைக்காத பட்டறைகளில் நான் மறுபடியும் ஃபோர்மேனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

8. விநாடிக்கு எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்? அதிகம் எடுத்தால் நல்லதுதானே?

பார்க்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் என்பது விதி. கருவிகளில் வழக்கம் 2.56 மடங்கு. 1000 ஹெர்ட்ஸ் வரை பார்க்க விநாடிக்கு 2560 மாதிரி. 10,000 வரை பார்க்க 25,600.

குறைத்து எடுத்தால் தகவல் போய்விடும் என்பது பாதி உண்மை. மீதி இதைவிட மோசம்: பொய்த் தகவல் வந்து சேரும். விநாடிக்கு 1000 மாதிரி எடுக்கும் கருவிக்கு 900 ஹெர்ட்ஸ் அதிர்வு வந்தால், அது படத்தில் 100 ஹெர்ட்ஸ் என்று நிற்கும். 6-ஆம் பதிலைப் படித்தவர் அதைப் பார்த்து மோட்டாரின் மின்சாரக் கோளாறு என்று சொல்லி வைண்டிங்குக்கு அனுப்புவார். எண்ணாக மாறிய பிறகு இதைத் திருத்த வழியே இல்லை. முன்னாலேயே வடிகட்டி இருக்க வேண்டும். கருவி வாங்கும்போது விற்பனையாளரிடம் அந்த வடிகட்டி உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவும் ஒரு பதில்தான்.

9. பதிவு எவ்வளவு நேரம்? ஒரு விநாடி போதாதா?

ஒரு விநாடி பதிவில் கோடுகளின் இடைவெளி 1 ஹெர்ட்ஸ். நாலு விநாடி என்றால் கால் ஹெர்ட்ஸ். இது எங்கே உதைக்கும் என்றால், 2940 சுற்றில் ஓடும் மோட்டாரில். அதன் சுற்று 49 ஹெர்ட்ஸ், இரட்டை 98. மின்சாரத்தின் 100-உம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு விநாடிப் பதிவில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே மேடாகத் தெரியும். கப்ளிங்கா மோட்டாரா என்று பிரிக்க முடியாது. நாலு அல்லது எட்டு விநாடி எடுங்கள்.

10. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு அதிர்வு சென்சார் கிடைக்கிறதே, அதையும் ஒரு இஎஸ்பி போர்டையும் (சின்னக் கணினிப் பலகை) வைத்து நாங்களே செய்யலாமா?

செய்யலாம், எதற்கு என்று தெரிந்து செய்தால். அப்படிக் கிடைக்கும் எம்பியு 6050 என்ற சென்சார் விநாடிக்கு 1000 மாதிரி வரைதான் தரும். ஏடிஎக்ஸ்எல் 345 அதிகபட்சம் 3200 தரும்; அதுவும் எஸ்பிஐ இணைப்பில்தான், ஐ2சி-யில் இணைத்தால் 800-க்கு மேல் போக வேண்டாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. ஆக எடைச் சமநிலை, தளர்வு, இயந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா, எத்தனை பீஸ் அடித்தது என்பதற்கெல்லாம் தாராளமாகப் போதும். பேரிங்கை 7-ஆம் பதிலில் சொன்ன வழியில் முன்கூட்டியே பிடிக்க இவை உதவாது.

கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள். மேசை மேல் நன்றாக ஓடும் சர்க்யூட் தொழிற்சாலையில் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் புரோகிராம் அல்ல. ஒயர் நுனியும் டப்பாவும்தான்.

11. சென்சாரே ஒட்டாமல், மோட்டாரின் மின்னோட்டத்தை மட்டும் அளந்து சொல்ல முடியாதா?

சிலவற்றைச் சொல்லலாம், அதுவும் பேனலில் நின்றபடியே. ரோட்டாரில் கம்பி உடைந்திருந்தால் 50 ஹெர்ட்ஸின் இரு பக்கமும் கோடு முளைக்கும். 1500-க்குப் பதில் 1440 ஓடும் மோட்டாரில் சறுக்கல் 4 சதவீதம். 50-இல் அது 2 ஹெர்ட்ஸ், கோடுகள் அதன் இரட்டை தள்ளி, 46-இலும் 54-இலும் வரும். மோட்டார் சுமையில்லாமல் 1485-இல் ஓடினால் அவை 49-க்கும் 51-க்கும் நெருங்கிவிடும். அப்போது 9-ஆம் பதில் நினைவுக்கு வர வேண்டும். சோதிக்க வேண்டும் என்றால் நல்ல சுமையில் வைத்துச் சோதியுங்கள்.

கடலூர் சிப்காட் பக்கம் இதற்கு இன்னொரு நல்ல பயன் உண்டு. கலக்கியோடு கூடிய ரியாக்டரில் சரக்கு கெட்டியாகக் கெட்டியாக மோட்டாரின் இழுவை கூடும். ஆம்பியரைப் பார்த்தே ‘பதம் வந்துவிட்டது’ என்று சொல்லும் ஆபரேட்டர்கள் இருக்கிறார்கள். ஒரு திருத்தம் மட்டும்: ஆம்பியரைவிட கிலோவாட்டை அளப்பது மேல். சுமை குறைந்த மோட்டாரில் மின்னோட்டத்தின் பெரும்பகுதி காந்தப்புலத்துக்கே போய்விடுவதால், சுமை மாறினாலும் ஆம்பியர் அதிகம் அசையாது; கிலோவாட் அசையும்.

12. எங்கள் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பொருள்தான் பழுதாக வருகிறது. அதற்கும் இது உதவுமா?

உதவும், சொல்லப்போனால் காசு அதிகம் மிச்சமாவது இங்கேதான். ஆனால் பார்க்கும் விதம் வேறு. இங்கே ஸ்பெக்ட்ரத்தைவிட ஒவ்வொரு சுற்றின் (ஒரு தடவை பொருள் செய்து முடிப்பதன்) வளைகோடு முக்கியம். பிளாஸ்டிக் மோல்டிங்கில் அச்சுக்குள் ஒரு அழுத்த சென்சார் வைத்தால், உருகிய பிளாஸ்டிக் நிரம்பும்போது அழுத்தம் ஏறி, உச்சம் தொட்டு, அச்சின் நுழைவாய் உறைந்ததும் இறங்கும். உச்சம் தாழ்ந்தால் பொருள் குறையாகவோ குழிவிழுந்தோ வரும். மிஞ்சினால் ஓரத்தில் பிசிறு. இயந்திரத்தின் ஹைட்ராலிக் கேஜ் இதைக் காட்டாது. திருகின் முனையில் இருக்கும் தடுப்பு வளையம் தேய்ந்தால் கேஜ் வழக்கம்போல நிற்கும், அச்சுக்குள் அழுத்தம் மட்டும் சுற்றுக்குச் சுற்று மாறும்.

பிரஸ்ஸிலும் இதே முறைதான். ஒவ்வொரு அடியின் விசை வளைகோட்டையும் நல்ல அடியின் வளைகோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். இரட்டைத் தகடு நுழைந்தால் உச்சம் துள்ளும். பஞ்ச் மழுங்கினால் உச்சம் மெல்ல மெல்ல ஏறும். தகடு அறுந்த கணத்தில் விசை எதிர்ப்பக்கம் உதைப்பதும் மாறும். அடிப் படுக்கைக்குக் கேடு செய்வது அந்த எதிர் உதைதான். அதை யாரும் அளப்பதில்லை.

ஒரு நிபந்தனை. நல்ல வளைகோடு எது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு சுற்றின் வளைகோட்டையும் அந்தச் சுற்றில் வந்த பொருளையும் ஒரே எண்ணிட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். சிக்னல் ஒரு கணினியிலும், தரப் பரிசோதனை முடிவு வேறொரு நோட்டுப் புத்தகத்திலும் கிடந்தால் எந்த மென்பொருளும் இரண்டையும் கோக்காது.

13. சிஎன்சி மில்லிங்கில் டூல் கத்துகிறது, மேற்பரப்பில் வரி விழுகிறது. வேகத்தைக் குறைக்கிறோம், சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை. ஏன்?

அந்தக் கத்தலுக்குச் சாட்டர் என்று பெயர். முன் பல் விட்டுப்போன அலையின் மேல் அடுத்த பல் வெட்டுவதால் அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. 3000 சுற்று, 4 பல் என்றால் பல் விழும் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ். 200, 400, 600-இல் கோடு வருவது இயல்பு. அவற்றோடு சேராமல் 730 என்று ஓர் உயரமான கோடு நின்றால் அதுதான் சாட்டர். தொலைபேசியின் ஒலிப்பதிவே இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் போதும்.

மருந்து வேகத்தைக் குறைப்பது அல்ல, பொருத்துவது. சாட்டர் அதிர்வெண் பல் விழும் அதிர்வெண்ணின் முழு மடங்காகும்படி சுற்றைத் தேர்ந்தெடுங்கள். 730-ஐ 4-ஆல் வகுத்தால் 182.5, அதற்குரிய சுற்று ஏறத்தாழ 2740. 3-ஆல் வகுத்தால் 243, சுற்று 3650. டூல் தாங்கும் என்றால் 3650-ஐ முயலுங்கள்: வேகம் கூடும், கத்தல் அடங்கும். ஆபரேட்டர்கள் இதை நம்பமாட்டார்கள். ஒரு தடவை ஓட்டிக் காட்டுவதுதான் வழி.

14. அலாரம் ஓயாமல் அடிக்கிறது. ஆட்கள் ஒயரையே பிடுங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

அவர்களைத் திட்டாதீர்கள், கணக்கைப் பாருங்கள். ஷூஹார்ட் 1924-இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் வழியில் சராசரியிலிருந்து மூன்று சிக்மா (சிக்மா என்பது எண்கள் வழக்கமாகச் சிதறும் அளவு) தாண்டினால் அலாரம் என்று வைக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் 370 அளவீட்டுக்கு ஒன்று அந்த எல்லையைத் தற்செயலாகத் தாண்டும். 20 இடத்தில் மணிக்கு ஒருமுறை அளந்தால் நாளைக்கு 480 அளவீடு. அதாவது எந்தக் கோளாறும் இல்லாமலேயே தினமும் ஒரு பொய் அலாரமாவது வரும். நிஜத் தொழிற்சாலையில் எண்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடி அழகாகப் பரவாது என்பதால் இன்னும் கூடுதலாகவே வரும்.

மூன்று மாற்றம் செய்தால் பெரும்பாலும் அடங்கும். முதலாவதாக, தொடர்ந்து மூன்று தடவை தாண்டினால்தான் அடிக்கட்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு சரக்குக்கும் வேகத்துக்கும் தனி எல்லை. இயந்திரம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் அலாரம் வேண்டாம். எல்லா நிலைக்கும் சேர்த்து ஒரே எல்லை போட்டால் அது ஒன்றுக்கும் பொருந்தாது. மூன்றாவது, அலாரம் அடித்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று பேனலிலேயே எழுதி ஒட்டுங்கள். செய்ய ஒன்றுமே இல்லாத அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

15. விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) போட்டதிலிருந்து படம் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. டிரைவ் கெட்டதா, மோட்டார் கெட்டதா?

இரண்டும் கெடாமல் இருக்கலாம். பதிவின் நடுவே வேகம் மாறினால் கோடுகள் இழுபட்டுப் பரவும். ஷாஃப்டில் ஒரு பளபளக்கும் டேப்பை ஒட்டி டேக்கோவால் (சுற்றை எண்ணும் கருவி) ஒவ்வொரு சுற்றையும் குறித்துக்கொண்டு, நேரத்துக்குப் பதில் சுற்றின்படி மாதிரிகளை அடுக்கினால் கோடுகள் மறுபடி கூர்மையாகும்.

இன்னொரு காரணம் மின் இரைச்சல். டிரைவின் பவர் கேபிளும் சென்சார் ஒயரும் ஒரே டிரேயில் போனால் இது நிச்சயம். பிரித்துப் போடுங்கள், கவசமிட்ட ஒயர் பயன்படுத்துங்கள், கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி: கருவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெயின் மின்சாரத்தை நிறுத்துங்கள். மின்சாரத்தால் வந்த கோடு அந்தக் கணமே மறையும். இயந்திரத்தால் வந்தது ஷாஃப்ட் நிற்க நிற்க மெல்ல இறங்கும்.

16. ஐப்பசி, கார்த்திகை மழையில் எண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகின்றன. மோட்டார் எல்லாமே ஒன்றாகவா கெடும்?

எல்லாம் ஒன்றாகக் கெடாது. ஒயரில் தண்ணீர் ஏறியிருக்கும். பீசோ வகை சென்சார்களில் ஒரு வசதி இருக்கிறது: இணைப்பில் நிற்கும் நேர்மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் பார்த்தால் 8 முதல் 14 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் ஷார்ட். மின்வழங்கியின் 24 வோல்ட்டையே காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. மழைக்கு முன்னால் ஒருமுறை எல்லா இணைப்பையும் இப்படிப் பார்த்து எழுதிவையுங்கள். ஜங்ஷன் பாக்ஸில் கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழையுமுன் ஒரு தொங்கல் விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

17. எங்கள் பிளாண்டில் கரைப்பான் ஆவி இருக்கும் இடம். அங்கே எந்த சென்சாரும் வைக்கலாமா?

கூடாது. அந்த மண்டலத்துக்குச் சான்று பெற்ற, தீப்பொறி எழ வாய்ப்பில்லாத வகை சென்சாரும், பாதுகாப்பான பக்கத்தில் அதற்குரிய தடுப்புச் சாதனமும் வேண்டும். இந்தியாவில் இதற்கான ஒப்புதல் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அமைப்பிடமிருந்து. 10-ஆம் கேள்வியில் வந்த சர்க்யூட்டையும், உங்கள் கைப்பேசியையும் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

18. எல்லாத் தரவையும் சேமித்து வைத்தால் பின்னால் உதவுமே?

விநாடிக்கு 25,600 மாதிரி, மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு சென்சாரே நாளைக்கு ஏறத்தாழ 4.4 ஜிகாபைட் கொட்டும். இடம் வாங்கிவிடலாம், யார் பார்ப்பது? மணிக்கு ஒருமுறை சில விநாடி முழுப் பதிவும், மற்ற நேரத்துக்குச் சுருக்க எண்களும் போதும். அலாரம் அடித்தால் முன்னும் பின்னும் உள்ள பதிவு தானாகச் சேமிக்கப்படும்படி வையுங்கள். பிரஸ், மோல்டிங் விதிவிலக்கு. அங்கே ஒவ்வொரு சுற்றின் வளைகோடும் சிறியது, எல்லாவற்றையும் வைக்கலாம்.

19. செயற்கை நுண்ணறிவு போட்டால் தானாகவே கண்டுபிடித்துவிடுமாமே? 99 சதவீதம் சரி என்று விற்பனையாளர் சொல்கிறார்.

எந்தத் தரவில் 99 என்று கேளுங்கள். பேரிங் ஆய்வுகளில் பல அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் வெளியிட்ட தரவை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கேயும் மோட்டாரின் ஓட்டும் முனையில் இருந்தது நம் 6205 வகைதான். ஆனால் கீறல் தானாக விழுந்தது அல்ல. மின்பொறியால் அளவெடுத்துப் போட்டது, ஆய்வகத்தில், நிலையான வேகத்தில். அதில் 99 வாங்கிய மென்பொருள் உங்கள் பம்ப் கொட்டகையில் எவ்வளவு வாங்கும் என்பது வேறு கேள்வி.

இன்னொரு முட்டுக்கட்டை, நல்ல பட்டறையில் பழுது அடிக்கடி வராது. கற்றுக்கொடுக்கப் பழுதின் தரவே இருக்காது. அதனால் ‘இயல்பு எது’ என்று மட்டும் கற்று, விலகினால் சொல்லும் முறையே நடைமுறைக்கு ஏற்றது. அதுவும் 14-ஆம் பதிலின் அதே நோயில் விழும்: எந்தச் சரக்கு, என்ன வேகம் என்பதைச் சேர்த்துக் கொடுக்காவிட்டால், சரக்கு மாறிய ஒவ்வொரு ஷிப்டையும் பழுது என்று அறிவிக்கும்.

20. எங்களிடம் ஐம்பது மோட்டார் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வயர்லெஸ் சென்சார் போட்டுவிடலாமா?

வேண்டாம். எது நின்றால் முழு உற்பத்தியும் நிற்கும், எதற்கு மாற்று இல்லை, எதற்கு உதிரி வர வாரக்கணக்கில் ஆகும் என்று பட்டியல் போடுங்கள். நாலைந்துக்கு மேல் தேறாது. அவற்றுக்கு நிரந்தர சென்சார். மீதிக்கு மாதம் ஒருமுறை கையடக்கக் கருவி. மாற்று பம்ப் பக்கத்திலேயே தயாராக நிற்கும் சிறிய மோட்டார்களை, கெட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள்.

21. ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. மூன்றாம் நாள் இயந்திரம் நின்றுவிட்டது. அப்புறம் எதற்கு இந்த அளவீடு?

இந்தக் கேள்வி வரும்போது குரல் உயர்ந்தே வரும், நியாயம்தான். முதலில் எது நின்றது என்று பாருங்கள். கான்டாக்டர் எரிந்தது, வைண்டிங்கின் இன்சுலேஷன் போனது, ஷாஃப்டைப் பிணைக்கும் சாவி முறிந்தது, தண்ணீர் வராமல் பம்ப் வறண்டு ஓடியது என்றால் அதிர்வு அளவீடு முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. படிப்படியாக வளரும் பழுதைத்தான் அது பிடிக்கும்.

படிப்படியாக வளர்ந்த பழுதே தப்பியிருந்தால் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை எடுங்கள். எந்த இடத்தில், எந்தத் திசையில், எத்தனை சுற்றில், எவ்வளவு சுமையில், எந்த அதிர்வெண் வரம்பில் அளந்தார்கள் என்று இருக்கிறதா? 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பார்த்த ரிப்போர்ட், நிமிடத்துக்கு 40 சுற்று ஓடும் கலக்கி ஷாஃப்டைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே சொல்லவில்லை. அதன் சுற்று வேகம் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவு. அந்த இடத்துக்கு என்வெலப்பும் நீண்ட பதிவும் கேட்டிருக்க வேண்டும். சரக்கு ஏற்றாமல் வெறும் டேங்கில் ஓட்டி அளந்திருந்தால் அந்தப் பச்சை வெறும் டேங்குக்கு மட்டுமே செல்லும். அடுத்த முறை அளக்க வருகிறவரிடம் இந்த ஐந்து விவரங்களையும் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் கொடுக்காதீர்கள். நான் வந்தாலும் அப்படியே.